வாசகர் கேள்வி – பதில்: பழவாசம் போன பிறகு மிஞ்சுவது

கோடைக்கால உடைகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, விலை குறைந்த சென்ட் என்றாலே நிற்காது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம் என ஒரு வரி சேர்த்திருந்தேன். உடைகளைப் பற்றி இரண்டு கடிதங்களே வந்தன. மற்றவை எல்லாம் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. ஆகவே இந்த முறை முழுப் பகுதியும் சென்ட்டுக்கே.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. பழமும் மரமும் கலந்த மணம் என்று கடைக்காரர் சொன்ன ஒரு சென்ட்டை, 100 மில்லி பாட்டில் 650 ரூபாய்க்கு வாங்கினேன். கடையில் அடித்துக் காட்டியபோது பழுத்த ஆப்பிளும் அன்னாசியும் போல அவ்வளவு நன்றாக இருந்தது. காலை எட்டு மணிக்கு அடித்துக்கொண்டு போனால், பத்து மணிக்குள் அந்தப் பழவாசம் அடியோடு போய்விடுகிறது. ஆனால் மாலை நான்கு மணிக்கு அருகில் உட்காரும் சக ஆசிரியை, “இன்றைக்கு என்ன சென்ட் டீச்சர், நன்றாயிருக்கிறதே” என்கிறார். நான் ஏமாந்துவிட்டேனா, அல்லது என் மூக்கில்தான் கோளாறா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தாங்கள் ஏமாறவும் இல்லை, தங்கள் மூக்கில் கோளாறும் இல்லை, அம்மா. பழமும் மரமும் கலந்த சென்ட் எந்த விலையில் வாங்கினாலும் ஏறத்தாழ இப்படித்தான் நடந்துகொள்ளும். விலை குறைந்ததில் அந்த நடத்தை சற்று அப்பட்டமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

பழவாசம் தருகிற பொருள்களில் பெரும்பாலானவை சிறிய, இலேசான மூலக்கூறுகள். பூவன் தார் பழுக்கும்போது வீடு முழுக்க மணக்கக் காரணமானவற்றுள் முக்கியமான ஐசோஅமைல் அசிட்டேட் 142 டிகிரி செல்சியசில் கொதித்துவிடும். ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனீன் 176 டிகிரியில் கொதிக்கும். சந்தன எண்ணெயின் உயிரான சான்டலாலுக்கோ ஏறத்தாழ 300 டிகிரி வேண்டும். நம் தோலின் மேல் எதுவும் கொதிப்பதில்லை என்றாலும், எது முதலில் காற்றில் ஏறும், எது கடைசி வரை உட்கார்ந்திருக்கும் என்பதை இந்த வரிசை ஓரளவு காட்டிக் கொடுத்துவிடுகிறது. சென்ட் செய்பவர்கள் இதை மேல்மணம், நடுமணம், அடிமணம் என மூன்றாகப் பிரிப்பார்கள். தங்கள் பாட்டிலில் ஆப்பிளும் அன்னாசியும் மேல்மணம், மரம் அடிமணம். கடைக்காரர் தங்களுக்குக் காட்டியது மேல்மணத்தை. சக ஆசிரியை மாலையில் முகர்ந்தது அடிமணத்தை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆரஞ்சு, எலுமிச்சை போன்றவற்றின் தோலிலிருந்து எண்ணெய் எடுக்கலாமே தவிர, ஆப்பிளையோ அன்னாசியையோ பிழிந்தோ காய்ச்சியோ சென்ட்டுக்கு உதவுகிற எண்ணெயை எடுத்துவிட முடியாது. 650 ரூபாய் பாட்டிலிலும் 20,000 ரூபாய் பாட்டிலிலும் அவை ஆய்வுக்கூடத்தில் கட்டப்பட்ட மணங்களே. அவற்றுள்ளும் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பீச் பழ மணம் தரும் காமா அன்டெகலாக்டோன் என்பது கனமான பொருள். 1919-இல் வெளிவந்த கெர்லான் நிறுவனத்தின் மிட்சுகோ என்ற புகழ்பெற்ற சென்ட்டில் அதுதான் பழத்தைச் சுமந்தது, அது மணிக்கணக்கில் நிற்கும். ஆகையால் பழவாசம் கொஞ்சம் கூடுதலாக நிற்க வேண்டுமென்றால், அடுத்த முறை ஆப்பிள், அன்னாசி, எலுமிச்சை என்று பெட்டியில் போட்டிருப்பதை விட்டுவிட்டு, பீச், பிளம் என்று போட்டிருப்பதைப் பாருங்கள்.

தங்கள் கடிதத்தைப் படித்த பிறகு, அதே வகையைச் சேர்ந்த ஒரு பாட்டிலை நானும் வாங்கி ஒரு நாள் முழுவதும் குறித்துவைத்தேன். மின்விசிறி ஓடும் அறை, வெளியே நல்ல வெயில், மதியத்துக்கு மேல் காவிரிக் கரையோரம் ஒரு நடை. இடது மணிக்கட்டில் ஒரு முறையும், பழைய பருத்தித் துண்டில் ஒரு முறையும் அடித்தேன். முதல் அரை நிமிடம் சென்ட்டில் கலந்திருக்கும் எத்தனால் என்ற ஆல்கஹாலின் நெடி. அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஐந்தாம் நிமிடம் அன்னாசி, அதில் ஒரு புளிப்பு. அரை மணி நேரத்தில் புளிப்பு இறங்கி, பழுத்த, சற்றே கனிந்துபோன பழத்தின் இனிப்பு வந்தது. இந்தச் சென்ட்டின் மிக நல்ல நேரம் அதுதான். ஒன்றரை மணி நேரத்தில் தோலில் பழம் இருந்ததாக நினைவுதான் இருந்தது. அதன் பிறகு ஒரு மணி நேரம் எனக்குப் பிடிக்கவில்லை: பழம் போய்விட்டது, மரம் இன்னும் இளகவில்லை, பென்சில் சீவினால் வருமே, அந்த வறண்ட நெடி மட்டும் தனியாக நின்றது. (பென்சில் செய்யச் சீடர் (cedar) என்னும் மணமுள்ள மரத்தைப் பயன்படுத்துவது உண்டு என்பதால் அந்த ஒப்புமை தற்செயலானது அன்று.) நான்காம் மணி நேரத்தில் அது தணிந்து, சந்தனக்கட்டையும் சலவைத் துணியும் சேர்ந்தாற்போன்ற ஒரு மென்மை வந்தது, கையைக் கிட்டத்தில் கொண்டுவந்தால்தான் தெரியும், ஆனால் ஏழாம் மணி வரை தெரிந்தது. துண்டிலோ மறுநாள் காலையிலும் மரம் இருந்தது; துணி நம் உடம்பைப் போலச் சூடாக இல்லை, வியர்ப்பதும் இல்லை என்பதால் அங்கே எல்லாமே மெதுவாக நடக்கிறது.

விலை குறைந்த சென்ட்டில் காசு மிச்சம் பிடிக்கப்படுவது பெரும்பாலும் நான் சொன்ன அந்த இரண்டாம், மூன்றாம் மணி நேரத்தில்தான் என்பது என் எண்ணம். பழத்துக்கும் மரத்துக்கும் நடுவே பாலம் போடுகிற பூ மணங்களும் பிசின் மணங்களும் நல்லவையாக வேண்டுமென்றால் செலவாகும். முதல் பத்து நிமிடம் கடையில் விற்றுக் கொடுக்கும், கடைசி மரமும் கஸ்தூரி போன்ற மணமும் மலிவான செயற்கைப் பொருள்களிலேயே நன்றாகக் கிடைக்கும். நடுவில் பள்ளம் விழுந்தால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடுகிறார்கள்.

இனி மூக்கின் கதை. ஒரு மணத்துக்குள்ளேயே இருந்தால் சிறிது நேரத்தில் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும். காபிக்கொட்டை வறுக்கிற கடையில் வேலை செய்பவருக்குக் காபி வாசம் தெரியாதது போல. அதோடு, ஒவ்வொருவர் மூக்கும் ஒரே மாதிரி அமைந்ததும் அன்று. மணத்தை உணரும் ஏற்பிகளைப் பற்றிய கண்டுபிடிப்புக்காக ரிச்சர்ட் ஆக்செல், லிண்டா பக் இருவரும் 2004-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதருக்கு அத்தகைய ஏற்பிகள் ஏறத்தாழ 400 வகை உண்டு, அவற்றில் ஆளுக்கு ஆள் சிறு வேறுபாடுகளும் உண்டு. இன்றைய மர மணச் சென்ட்டுகளில் மிகுதியாகச் சேர்க்கப்படும் ஐசோ இ சூப்பர் என்ற செயற்கைப் பொருளையும், கஸ்தூரி வகைப் பொருள்கள் சிலவற்றையும் ஒரு சிலரால் முகரவே முடியாது, வேறு சிலருக்கு வந்து வந்து மறையும். தங்களுக்குத் தெரியாத மரம் தங்கள் தோழிக்குத் தெரிவதில் வியப்பில்லை. தெரியவில்லையே என்று பத்து மணிக்கு மறுபடியும் நான்கு முறை அடித்துக்கொண்டால், வகுப்பில் முதல் வரிசைப் பிள்ளைகள்தான் பாவம்.

செய்யக்கூடியது சிறிதுதான். குளித்தபின் மணமற்ற கிரீமோ, ஒரு துளி தேங்காய் எண்ணெயோ தடவிய தோலில் அடித்தால், வறண்ட தோலில் அடிப்பதைவிடக் கூடுதல் நேரம் நிற்கும். இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்துத் தேய்க்கும் பழக்கத்தை விடுங்கள். தேய்க்கிற சூட்டில் பழம் இன்னும் சீக்கிரம் ஓடும். பழவாசமே வேண்டும் என்றால், 10 மில்லி குப்பியில் ஊற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு மதிய உணவுக்குப் பிறகு ஒரே ஒரு முறை அடித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. கார்த்திகை மழையில் அதே பாட்டில் தங்களுக்கு வேறாகத் தோன்றும். குளிர்ச்சியில் பழம் மெதுவாக ஏறுவதால் பதினொரு மணி வரைகூடத் தாக்குப்பிடிக்கலாம்.

கேள்வி: பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள வெளிநாட்டு சென்ட் ஒன்றுக்கு “அச்சு அசல்” என்று சொல்லி, குறைந்த விலை சென்ட்டுகளை விடுதியில் நண்பர்கள் வாங்குகிறார்கள். அன்னாசியும் புகைந்த கட்டையும் போன்ற வாசம். முதலில் முகரும்போது இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. பிறகு எதற்கு அந்த விலை? பாட்டிலில் இ.டி.டி., இ.டி.பி. என்று போடுகிறார்களே, அது என்ன?
– கல்லூரி மாணவர், மன்னார்குடி

பதில்: தம்பி குறிப்பிடுவது கிரீட் நிறுவனம் 2010-இல் வெளியிட்ட அவென்டஸ் என்று நினைக்கிறேன். மேலே அன்னாசி, அடியில் பிர்ச் என்ற குளிர்நாட்டு மரத்தின் புகைவாசம் என்ற அந்தக் கட்டுமானத்தைப் பின்பற்றி வந்தவை ஏராளம். ஆனால் பழத்தை மரத்தோடு சேர்ப்பது அதற்கு முன்பே நடந்ததுதான். ஷிசேடோ நிறுவனம் 1992-இல் வெளியிட்ட ஃபெமினிதே து புவா என்ற சென்ட், சீடர் மரத்தையும் பிளம் பழத்தையும் இணைத்து ஒரு தலைமுறைக்கே வழிகாட்டியது.

ஒரு சென்ட்டில் என்னென்ன இருக்கின்றன என்பதை கலவையைக் கூறு கூறாகப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்பி என்ற கருவியில் செலுத்திப் பெருமளவு கண்டுபிடித்துவிடலாம். பெயருக்கும் பாட்டிலின் வடிவத்துக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. மணத்துக்கு நடைமுறையில் அப்படி ஒன்று கிடைப்பது அரிது. எனவே நகல் எடுப்பது கடினமும் இல்லை, அதைத் தன் சொந்தப் பெயரில் விற்றால் தவறும் இல்லை. அசலின் பெயரையும் பெட்டியையும் ஒட்டி விற்பது வேறு கதை. அது போலி, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, தோலில் படவே விடாதீர்கள். விலையில் கணிசமான பங்கு பெயருக்கும் விளம்பரத்துக்கும் கண்ணாடிக்கும் போகிறது என்பதும் உண்மைதான்.

ஆனாலும் இரண்டும் ஒன்று என்று முதல் முகர்வில் தீர்ப்புச் சொல்வது, நாற்று பச்சையாக இருக்கிறது என்று கண்டுமுதல் கணக்குப் போடுவது போன்றது. அன்னாசியை நகலெடுப்பது சுலபம். நூற்றுக்கணக்கான சிறு கூறுகள் கொண்ட இயற்கை எண்ணெய்களை அடியில் வைத்திருந்தால் அதை அப்படியே நகலெடுப்பது சிரமம். இரண்டையும் இரண்டு தாள் பட்டைகளில் அடித்து, பின்புறம் பெயர் எழுதி, வெவ்வேறு அறையில் வைத்துவிட்டு மூன்று மணி நேரம் கழித்தும், மறுநாள் காலையிலும் முகர்ந்து பாருங்கள். அப்போதும் வேறுபாடு தெரியவில்லையென்றாலோ, தெரிந்தும் மலிவானதே பிடித்திருந்தாலோ, தயங்காமல் அதையே வாங்கலாம்.

பாட்டிலில் இ.டி.டி. (eau de toilette), இ.டி.பி. (eau de parfum) என்று போட்டிருப்பதையும் கேட்டிருக்கிறீர்கள். முன்னதில் மணப்பொருள் பொதுவாக 5 முதல் 15 விழுக்காடு, பின்னதில் 15 முதல் 20 விழுக்காடு என்பது வழக்கம். சட்டம் வகுத்த அளவு அன்று. அடிமணமே பலவீனமாக இருந்தால் எந்த எழுத்தைப் போட்டும் பயனில்லை.

கேள்வி: சந்தனம், ஜவ்வாது, அத்தர் என்று நம்மிடம் இல்லாததா? பழத்தையும் கட்டையையும் கலந்து விற்கிறார்கள், அதற்கு ஒரு பக்கம் எழுதுகிறீர்களே?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருவையாறு

பதில்: ஐயா சொல்வதை மறுக்க மாட்டேன், ஆனால் பழமும் கட்டையும் கலந்த மணம் நமக்கு அந்நியமானது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பத்தாயத்துக்குள் வைக்கோல் போட்டு மாங்காயைப் பழுக்க வைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, மூடியைத் திறந்ததும் பழைய பலாமரப் பலகையும் நெல்லும் மாம்பழமும் சேர்ந்து முகத்தில் அடித்த அந்த மணம் மறந்திருக்காது. இன்று பாட்டிலில் விற்பவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள், பாதி வழிகூடப் போகவில்லை.

கதம்பத்தையும் நினைத்துப் பாருங்கள். தஞ்சாவூர்க் கதம்பத்தில் மல்லிகைக்கும் கனகாம்பரத்துக்கும் இடையே வைத்துக் கட்டுகிற மரிக்கொழுந்துக்கு, தவனம் என்று இன்னொரு பெயர். அதிலிருந்து காய்ச்சி எடுக்கும் எண்ணெயில் உலர்ந்த பழத்தின் இனிப்பும் கட்டையின் வறட்சியும் ஒருங்கே இருக்கின்றன. தென்னிந்தியாவிலிருந்து அது வெளிநாட்டு சென்ட் தயாரிப்பாளர்களுக்குப் போகிறது. ஆளுக்கு ஆள் தோலில் வேறு வேறாக மணக்கும் என்று தொழிலில் இருப்பவர்கள் அதைப் பற்றிச் சொல்வதுண்டு. பழவாசத்தையும் மரவாசத்தையும் ஒரே செடியில் வைத்திருக்கிற ஊர்க்காரர்கள் நாம்.

சந்தனத்தைப் பொறுத்தவரை, மரம் வைரம் பாயப் பல ஆண்டுகள் ஆகும். அந்த வைரத்தில்தான் எண்ணெய். ஆகவே சில நூறு ரூபாய் பாட்டிலில் சந்தனம் என்று போட்டிருந்தால் அது செயற்கைச் சந்தனம் என்றே கொள்ளலாம். அதனால் அது கெட்டது என்றாகிவிடாது. உத்தரப் பிரதேசத்தின் கன்னோசியில் பூக்களைச் செம்புப் பானையில் இட்டுக் காய்ச்சி, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தர் செய்தார்கள். சந்தன விலை ஏறிய பிறகு பல இடங்களில் அடி எண்ணெய் மாறிவிட்டது. ஐயா வாங்குகிற சிறு குப்பி அத்தரின் விலையைப் பார்த்தாலே அதில் சந்தனம் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். விலைக்குத் தக்கபடி இயற்கையாகவே கிடைக்கிற நம் பக்கத்து அடிமணம் என்றால் வெட்டிவேர்தான். கடலூர்ப் பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் விளைகிற அந்த வேரின் எண்ணெய், மிக மெதுவாக ஆவியாகிறவற்றுள் ஒன்று. பெட்டியில் வெட்டிவேர் என்று கண்டால் நான் சற்று நின்று பார்ப்பேன்.

கேள்வி: ஆவணியில் தங்கை திருமணம். பட்டுப்புடவையின் மேல் சென்ட் அடிக்கலாமா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: அடிக்க வேண்டாம், அம்மா. எத்தனால் பறந்துவிட்டாலும் மணப்பொருளின் எண்ணெய்ப்பசை பட்டில் வட்டமாகக் கறை விடும். திருபுவனம் பட்டின் சரிகை மேல் பட்டால் மனம் ஆறாது. புடவை கட்டுவதற்குப் பத்து நிமிடம் முன்பே பின்கழுத்திலும் முழங்கையின் உள்மடிப்பிலும் அடித்து உலரவிட்டு, அதன் பிறகு உடுத்தலாம். மணப்பெண் தலையில் மல்லிகையும் கதம்பமும், கழுத்தில் சந்தனமும், எதிரே ஓமப்புகையும் இருக்கும்போது பழவாசச் சென்ட் அவற்றோடு சண்டை போடும் என்பதால், முகூர்த்தத்துக்கு அது வேண்டாம், மாலை வரவேற்புக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். எதுவானாலும் விளக்கோ ஓமமோ எரிகிற இடத்தில் ஸ்பிரேயைத் தொடக் கூடாது. அதில் பெரும்பகுதி தீப்பிடிக்கும் எத்தனால்.

கேள்வி: விலை குறைந்த சென்ட்டை வாங்கி ஒரு மாதம் இருட்டில் வைத்தால் வீரியம் கூடும் என்கிறார்களே?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: தொழிற்சாலையில் எண்ணெயை எத்தனாலில் கலந்து சில வாரம் ஊறவிடுவது வழக்கம்தான். அவசரமாக அடைத்து அனுப்பிய பாட்டிலில் அந்த ஊறல் வீட்டில் கொஞ்சம் தொடரலாம்; முதல் நெடி சற்றுத் தணியும். இல்லாத அடிமணம் அதனால் முளைத்துவிடாது.

கேள்வி: எங்கள் வீட்டில் எல்லா அறையிலும் வெக்கை. பாட்டிலை எங்கே வைப்பது?
– வாசகி, திருவாரூர்

பதில்: வெயில் விழும் சன்னலோரமும், சூடும் ஈரமும் மாறி மாறி வரும் குளியலறையும் ஆகாது. அட்டைப்பெட்டியை எறிந்துவிடாமல் அதற்குள்ளேயே வைத்து, துணி அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். பழ மணம்தான் முதலில் கெடும், அது கெட்டால் திராட்சை புளித்த நெடி வரும். வீட்டில் பத்தாயம் இன்னும் இருந்தால் அதுவும் இருட்டான, சூடு அதிகம் ஏறாத இடம்தான். ஆனால் நெல் இருக்கிறபோது வைக்காதீர்கள், சோறு அன்னாசி மணக்கும்.